நாணயம் இல்லாமல் நாணயம் வெளியிடுவது எப்படி?

முன்பெல்லாம் கடை வைப்பவர் முதலில் சரக்கு எடுப்பார், பிறகு பலகை மாட்டுவார், கடைசியில் ஆள் வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிரிப்டோ உலகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. முதலில் கூட்டம், அப்புறம் பலகை, சரக்கு முடிந்தால். இதற்குக் 'கம்யூனிட்டி மார்க்கெட்டிங்' என்று பெயர். வாங்க வந்தவரையே சம்பளம் இல்லாமல் விற்க வைக்கும் கலை.

நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே சின்ன மாற்றம்தான்: தேரை ஊரே செய்ய வேண்டும், வடத்தையும் ஊரே திரிக்க வேண்டும், இழுப்பதும் ஊரே. சாமி இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். தேர் நிலைக்கு வந்து சேருமா என்பது உங்கள் கவலை அல்ல.

தேவையானவை

டெலிகிராம் குழு – 1
டிஸ்கார்ட் சர்வர் – 1 (25 அறைகள், 24 காலியாக இருக்கலாம்)
நாய், பூனை அல்லது தவளைப் படம் – 1
வெள்ளையறிக்கை – 40 பக்கம் (யாரும் படிக்கப்போவதில்லை, மெய்ப்புப் பார்க்க வேண்டாம்)
முகம் தெரியாத நிறுவனர் – 2 பேர்
போலிக் கணக்குகள் – சில ஆயிரம்
'விரைவில்' என்ற சொல் – தேவையான அளவு
தொழில்நுட்பம் – விருப்பப்பட்டால் ஒரு சிட்டிகை

படி 1: சரக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்

உங்கள் பிளாக்செயின் என்ன வேலை செய்யும் என்று யோசித்து நாளை வீணாக்க வேண்டாம். அமெரிக்காவில் குளிர்ந்த தேநீர் விற்றுக்கொண்டிருந்த 'லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ' என்ற நிறுவனம், 2017 டிசம்பரில் தன் பெயரை 'லாங் பிளாக்செயின்' என்று மாற்றப்போவதாக அறிவித்தது. அன்றைக்கே பங்கு விலை இரு மடங்கைத் தாண்டியது. பாட்டிலுக்குள் இருந்தது அதே தேநீர்தான். அடுத்த ஆண்டே நாஸ்டாக் சந்தை அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது, 2021-ல் அமெரிக்கப் பங்கு ஒழுங்குமுறை ஆணையம் அதன் பங்குப் பதிவையே ரத்து செய்தது என்பதெல்லாம் பின்கதை. வழிகாட்டி நூல்களில் பின்கதைக்கு இடம் ஒதுக்குவதில்லை.

அதே 2017-ல் 'பயனற்ற எதீரியம் டோக்கன்' என்ற பெயரிலேயே ஒன்று வந்தது. இதனால் எந்தப் பயனும் இல்லை, வாங்காதீர்கள் என்று வெளியிட்டவரே சொன்னார். அப்படியும் பல்லாயிரம் டாலருக்கு வாங்கினார்கள். நாணயத்தோடு வெளிவந்த நாணயம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் பின்பற்றத் தக்கதல்ல. உண்மை சொல்லி பல்லாயிரம் கிடைத்த இடத்தில், சொல்லாதவர்கள் கோடிகளை எடுத்தார்கள்.

படி 2: முகத்தைக் காட்டாதீர்கள், காட்டினால் முழுதாகக் காட்டுங்கள்

சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் எழுதியவர் 2008 அக்டோபர் 31 அன்று 9 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் பிளாக் உருவானது. 2011-ல் அவர் விலகிப் போனார். யார், எங்கே என்று இன்றுவரை தெரியாது. அந்த 9 பக்கத்தையும் பின்வந்தவர்கள் படித்தார்களோ என்னவோ, முகத்தைக் காட்ட வேண்டாம் என்பதை மட்டும் நன்றாகப் படித்துக்கொண்டார்கள்.

2020-ல் 'சுஷிஸ்வாப்' என்ற டோக்கன் பரிமாற்றச் சந்தையைத் தொடங்கியவர் 'செஃப் நோமி' என்ற புனைபெயரில் வந்தார். போட்டிக் கடையின் வாடிக்கையாளரை ஆசை காட்டித் தன் பக்கம் இழுத்தார். சில வாரத்திலேயே வளர்ச்சி நிதியில் இருந்த டோக்கன்களை விற்றுச் சுமார் 1.4 கோடி டாலரைக் கையில் எடுத்தார். ஊர் கத்தியதும் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடைசி வரியைப் பின்பற்ற வேண்டாம்.

மறைந்திருக்கப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 'ஒன்காயின்' நிறுவிய ருஜா இக்னதோவா கவுனும் சிவப்பு உதட்டுச் சாயமுமாக 2016 ஜூனில் லண்டன் வெம்ப்ளி அரங்க மேடையில் தோன்றினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த நாணயத்துக்குப் பின்னால் உண்மையான பிளாக்செயினே இல்லை என்பதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 2017 அக்டோபரில் சோபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறினார். அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 2022-ல் எஃப்.பி.ஐ. தன் 'தேடப்படும் பத்துப் பேர்' பட்டியலில் அவரைச் சேர்த்தது. வசூலானதாகச் சொல்லப்படுவது சுமார் 400 கோடி டாலர்.

படி 3: கூட்டத்துக்கு ஒரு பாஷை கொடுங்கள்

ஐந்து பேர் ஏமாந்தால் அது வழக்கு. ஐம்பதாயிரம் பேர் சேர்ந்தால் அது கம்யூனிட்டி. எனவே முதலில் போலிக் கணக்குகளை நிரப்பி எண்ணிக்கையைக் காட்டுங்கள். காலி ஓட்டலுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ஐந்தாமவர் உள்ளே வருவார்.

அடுத்து பாஷை. காலை எழுந்ததும் 'ஜிஎம்' என்று எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். விலை ஏறினால் 'நிலாவுக்கு!' விலை இறங்கினால் 'ஹோட்ல்'. 2013 டிசம்பரில் பிட்காயின் சரிந்துகொண்டிருந்த நாளில், விஸ்கி குடித்திருந்த ஒருவர் ஆங்கிலத்தில் 'ஹோல்ட்', அதாவது 'விற்காமல் வைத்திருக்கிறேன்' என்று எழுதப் போய் எழுத்தை மாற்றித் தட்டிவிட்டார். அந்தப் பிழைதான் 'ஹோட்ல்'. இன்று அது வேதவாக்கு.

விற்காதவருக்கு 'வைரக் கை' என்று பட்டம். விற்றவருக்குக் 'காகிதக் கை' என்று வசவு. உங்கள் கை என்ன கை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது மேசைக்கு அடியில் இருக்கும்.

கூட்டத்துக்குப் பெயர் வைப்பதும் முக்கியம். 'லூனா' நாணயத்தை வைத்திருந்தவர்கள் தங்களையே 'லூனாட்டிக்' என்று அழைத்துக்கொண்டார்கள். பித்தர்கள் என்று பொருள். 2022 மே மாதம் சில நாட்களில் லூனாவும் அதன் இணை நாணயமுமாகச் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு கரைந்துபோனது. பெயர்ப் பொருத்தம் பார்த்து வைப்பது நல்லது.

இந்தக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை. எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார். ஜிஎம் சொல்லமாட்டார், நிலா படம் போடமாட்டார். திடீரென்று ஒருநாள் கேட்பார்: "ப்ரோ, ஒரு டவுட்டு. இந்தப் பணம் எங்கேர்ந்து வருது?" பதில் சொல்லக் கூடாது. இவர் கேட்டதற்குப் பெயர் கேள்வி அல்ல, 'ஃபட்'. அதாவது பீதி கிளப்புதல். உடனே நீக்கிவிடுங்கள். பின்னால் இவரைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருக்கும்.

படி 4: கூலியைக் காற்றில் போடுங்கள்

2020 செப்டம்பரில் 'யூனிஸ்வாப்' என்ற டோக்கன் பரிமாற்றச் சந்தை தன்னை அதுவரை பயன்படுத்திய ஒவ்வொரு கணக்குக்கும் குறைந்தது 400 யூனி டோக்கன்களை இலவசமாகக் கொடுத்தது. அன்றைய விலையில் ஆயிரம் டாலருக்கு மேல். கொடுப்பதாக முன்கூட்டிச் சொல்லவே இல்லை என்பதுதான் அதன் அழகு. வேலையை வேலைக்காகச் செய்தவர்களுக்கு வந்த பரிசு.

அன்றோடு அந்த அழகு போயிற்று. பரிசு வரும் என்று தெரிந்த பிறகு ஒருவரே நூறு கணக்கு திறந்து நூறு பேர்போல நடமாடத் தொடங்கினார். ஒரே வீட்டில் நூறு ரேஷன் கார்டு மாதிரி. நீங்கள் கலங்க வேண்டாம். உங்களிடமும் நூறு போலிக் கணக்கு இருக்கிறது, அவரிடமும் நூறு இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டால் 'துடிப்பான கம்யூனிட்டி' தயார்.

டோக்கனைக் கொடுப்பதைவிடப் புள்ளிகள் கொடுப்பது சிக்கனம். 2024-ல் டெலிகிராமில் 'ஹாம்ஸ்டர் காம்பாட்' என்று ஒரு விளையாட்டு பரவியது. திரையில் இருக்கும் வெள்ளெலியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். 30 கோடிப் பேர் ஆடியதாக நிறுவனம் சொன்னது. செப்டம்பர் 26 அன்று டோக்கன் வந்தது. மாதக்கணக்கில் தட்டியவர்களில் பலருக்குக் கிடைத்தது சில டாலர்கள். விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

படி 5: ஆளுக்கு நாலு பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள்

நம் வாசகர்களுக்கு இந்தப் படியை விளக்க வேண்டியதில்லை. 2012-ல் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது கொங்கு மண்டலம் இதில் பட்டமே வாங்கிவிட்டது. கோபுரக் கலசத்துக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று நம்பிப் பணம் கட்டியவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் ஈமுவாவது முட்டை போட்டது.

'பிட்கனெக்ட்' அதைவிடச் சுத்தமான ஏற்பாடு. உங்கள் பிட்காயினைக் கொடுத்து அவர்கள் நாணயத்தை வாங்கி, அதை அவர்களிடமே கடனாகக் கொடுக்க வேண்டும். ஒரு கணினி ரோபோ வியாபாரம் செய்து மாதம் 40 சதவீதம் வரை ஈட்டித் தரும். ஆள் சேர்த்தால் தனிக் கமிஷன், அவர் ஆள் சேர்த்தால் அதிலும் கமிஷன். 2017 அக்டோபரில் தாய்லாந்தின் பட்டாயாவில் விழா எடுத்தார்கள். நியூயார்க்கிலிருந்து வந்த ஒருவர் மேடையில் அந்த நாணயத்தின் பெயரைச் சாமியாடுகிற மாதிரி கத்தினார். அந்தக் கூச்சலை இன்றும் இணையத்தில் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 2018 ஜனவரியில் கடையை மூடினார்கள். அமெரிக்க அரசுத் தரப்பின் கணக்கில் 240 கோடி டாலர். நிறுவனர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் இந்தியர். உலகத்துக்குப் பூஜ்யத்தைக் கொடுத்த நாடு, முதலீட்டாளருக்கும் அதையே கொடுத்தது.

படி 6: பிரபலத்தைப் பிடியுங்கள், வாசகத்தை விடுங்கள்

கிம் கார்டாஷியன் 'எதீரியம்மேக்ஸ்' என்ற டோக்கனைப் பற்றி இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டார். அதற்கு வாங்கியது 2,50,000 டாலர். காசு வாங்கியதைச் சொல்லவில்லை என்று 2022 அக்டோபரில் ஒழுங்குமுறை ஆணையத்திடம் கட்டியது 12.6 லட்சம் டாலர்.

அதே ஆண்டு பிப்ரவரியில் 'எஃப்டிஎக்ஸ்' சந்தை அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்டத்தில் விளம்பரம் போட்டது. சக்கரம் முதல் மின்விளக்கு வரை எல்லாக் கண்டுபிடிப்பையும் 'தேறாது' என்று சொல்லும் பிடிவாதக்காரராக நகைச்சுவை நடிகர் லாரி டேவிட் நடித்தார். கடைசியில் எஃப்டிஎக்ஸையும் வேண்டாம் என்கிறார். நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவாலானது. 2024-ல் அதன் தலைவருக்கு 25 ஆண்டுச் சிறை. விளம்பரத்தில் வாய் முகூர்த்தம் மோசமான ஆளை நடிக்கவிடாதீர்கள்.

இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் விளம்பரத் தரக் குழுவின் விதி ஒன்று இருக்கிறது. கிரிப்டோ விளம்பரத்தில் 'கட்டுப்பாடு இல்லாதது, பெரும் ஆபத்து உள்ளது, நட்டமானால் கேட்க நாதியில்லாமல் போகலாம்' என்ற கருத்தில் எச்சரிக்கை வர வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரம்போல மூச்சுவிடாமல் ஒப்பிக்கவும் கூடாது. நிதானமாகப் படிக்க வேண்டும். இப்போது புரிகிறதா, கம்யூனிட்டி எதற்கென்று? மச்சான் மச்சானிடம் டீக்கடையில் சொல்வதற்கு எச்சரிக்கை வாசகம் கிடையாது. சொன்னது பொய்யானாலும் சட்டையைப் பிடிப்பது அந்த மச்சானுடையதைத்தான்.

படி 7: ஆட்சியை மக்களிடம் ஒப்படையுங்கள்

மையம் இல்லாத அமைப்பு என்று பெயர் வைத்த பிறகு தேர்தல் நடத்தாமல் இருக்க முடியாது. ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது பழைய ஏற்பாடு. இங்கே டோக்கனுக்கு ஒரு ஓட்டு. பாதி டோக்கனை நீங்களே வைத்துக்கொண்டால் மக்கள் தீர்ப்பு எப்போதும் மகேசன் தீர்ப்பாகவே அமையும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2022 ஏப்ரலில் 'பீன்ஸ்டாக்' என்ற அமைப்பில் ஒருவர், ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பிக் கட்டும் கடனாகப் பெருந்தொகையை எடுத்தார். அதைக்கொண்டு ஓட்டுப் பெரும்பான்மையைப் பிடித்தார். கஜானாவைத் தனக்கே மாற்றும் தீர்மானத்தை நிறைவேற்றினார். கடனை அடைத்தார். எல்லாம் நீங்கள் இந்த வரியைப் படிக்கும் நேரத்துக்குள். பீன்ஸ்டாக்குக்குச் சேதம் சுமார் 18 கோடி டாலர். போகிற போக்கில் 2,50,000 டாலரை உக்ரைனுக்கு நன்கொடையாகவும் அனுப்பிவைத்தார். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கே, கடன் வாங்கி ஓட்டை வாடகைக்கு எடுத்து, ஜெயித்த கையோடு கடனையும் திருப்பும் வித்தை புதிது.

வாரம் ஒருமுறை 'எதை வேண்டுமானாலும் கேளுங்கள்' நிகழ்ச்சியும் நடத்துங்கள். 'செல்சியஸ்' நிறுவனத்தின் அலெக்ஸ் மஷின்ஸ்கி வாராவாரம் நேரலையில் வந்தார். வங்கிகள் உங்கள் நண்பர்கள் அல்ல என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டார். 2022 ஜூன் 12 அன்று வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்திவைத்தார். 2025-ல் அவருக்கு 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வங்கி நண்பன் இல்லை என்று அவர் சொன்னதில் தவறில்லை. யார் நண்பன் என்பதை மட்டும் சட்டையில் எழுதவில்லை.

உங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு மாதிரி உரையாடல்:

"அண்ணா, எப்போ பெரிய சந்தையில லிஸ்ட் ஆகும்?"
"விரைவில்."
"எந்தச் சந்தை ப்ரோ?"
"இப்போ சொன்னா சஸ்பென்ஸ் போயிடும்."
"ப்ரோ, இந்தப் பணம் எங்கேர்ந்து..."
(ஒலி துண்டிக்கப்படுகிறது. ஆள் வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறார்.)

எச்சரிக்கை: உண்மையான கம்யூனிட்டி முளைத்துவிடலாம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் இந்த விபத்து நடந்துவிடுகிறது. 2013 டிசம்பரில் கிண்டலுக்காக உருவான 'டோஜ்காயின்'காரர்கள், அடுத்த மாதமே ஜமைக்காவின் பனிச்சறுக்கு வண்டி அணி சோச்சி ஒலிம்பிக்ஸுக்குப் போகக் காசு திரட்டிக் கொடுத்தார்கள். பணக்காரர் ஆகும் எண்ணம் அப்போது அங்கே பெரிதாக இல்லை. நாய்ப் படத்தைப் பார்த்துச் சிரிக்க வந்த கூட்டம் அது.

2021 நவம்பரில் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் அச்சுப் பிரதி ஒன்று சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தபோது, அதை வாங்க 17,000-க்கும் மேற்பட்ட கிரிப்டோக்காரர்கள் ஒரே வாரத்தில் 4 கோடி டாலருக்கு மேல் சேர்த்தார்கள். ஏலத்தில் கென் கிரிஃபின் என்ற ஒற்றைப் பணக்காரரிடம் தோற்றார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது பரிவர்த்தனைக் கட்டணமே சிறு தொகை போட்டவர்களின் பங்கை விழுங்கிவிடும் நிலை. ஊர் கூடியது நிஜம். வடம்தான் விலை அதிகம்.

எல்லாவற்றையும்விட மோசமான விபத்து இந்தியாவில் நடந்தது. 'ஷிபா இனு' வெளியிட்டவர்கள் விளம்பரத்துக்காகத் தங்கள் டோக்கனில் பாதியை, கேட்காமலேயே, எதீரியம் பிளாக்செயினை உருவாக்கியவர்களில் ஒருவரான விடாலிக் புட்டெரின் கணக்கில் போட்டுவைத்தார்கள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் நாம் ஆக்சிஜனுக்கு அலைந்துகொண்டிருந்தபோது, அவர் அதில் 50 லட்சம் கோடி டோக்கனை எடுத்து இந்திய நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். அன்றைய காகித மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல். விற்றுக் கிடைத்தது அதைவிடக் குறைவுதான் என்றாலும், அது நிஜப் பணம். மீதியில் பெரும்பகுதியை யாரும் எடுக்க முடியாதபடி எரித்தும்விட்டார். விளம்பரப் படம் மருந்துச் சீட்டாக மாறிய கதை. உங்கள் டோக்கனை நல்ல மனிதர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

படி 8: பாயை உருவுங்கள்

2021 அக்டோபர் கடைசியில் 'ஸ்க்விட் கேம்' தொடரின் பெயரில் ஒரு டோக்கன் வந்தது. நெட்ஃப்ளிக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலை 2,861 டாலர் வரை ஏறியது. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. எலிப்பொறிபோல நுழைய மட்டும்தான் வழி. நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் விலை பூஜ்யத்தை ஒட்டி வந்தது. எடுத்துச் சென்றது சுமார் 33 லட்சம் டாலர். கடனில் மூழ்கியவர்களை ஆசை காட்டி அழைத்துவந்து, ஒருவர் தவிர எல்லோரையும் ஒழிக்கும் விளையாட்டைப் பற்றிய தொடர் அது. அதைவிடத் தெளிவாக யாராலும் எச்சரித்திருக்க முடியாது.

உருவிய கையோடு ஒரு வாக்கியம் எழுதிப் போடுங்கள்: 'அவரவர் ஆராய்ந்து முதலீடு செய்திருக்க வேண்டும்.' நேற்றுவரை 'நாம்' என்று பேசிக்கொண்டிருந்தது இன்று 'அவரவர்' ஆகிவிடும். கம்யூனிட்டியின் முடிவை இலக்கணத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

படி 9: கூட்டத்தைக் கலைக்காதீர்கள்

அனுபவமில்லாதவர்கள் இத்தோடு ஓடிவிடுவார்கள். தேர்ந்தவர்கள் குழுவின் பெயரை மட்டும் மாற்றுவார்கள்: 'பாதிக்கப்பட்டோர் சங்கம்.' அங்கே கோட்டு சூட்டுப் படம் போட்ட ஒருவர் வருவார். பிளாக்செயினில் தடம் பிடித்து இழந்த பணத்தை மீட்டுத் தருவார். முன்பணம் கொஞ்சம் கட்டினால் போதும். உலகமெங்கும் காவல்துறையினர் எச்சரித்துக்கொண்டிருக்கும் மோசடி இது, அப்படியும் ஓடுகிறது. ஒருமுறை நம்பியவர்களின் பட்டியலைவிட விலை உயர்ந்த சரக்கு இந்தத் தொழிலில் கிடையாது. முதல் படியில் சரக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றேனே, இதோ, கடைசியில் வந்துவிட்டது.

அந்தக் குழுவில் இப்போது எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்: "எங்க பணம் எங்கே போச்சு?" மூன்றாம் படியில் நீங்கள் நீக்கிய மனிதர் கேட்டது, "இந்தப் பணம் எங்கேர்ந்து வருது?" அன்றே அவருக்கு விடை சொல்லியிருந்தால் இவர்களுக்கும் அதுவே போதும். வந்தது பின்னால் வடம் பிடித்து நின்றவரின் சட்டைப் பையிலிருந்து. அதனால்தான் எல்லோரையும் இன்னும் நாலு பேரைக் கூட்டிவரச் சொன்னீர்கள். ஒருநாள் பின்னால் யாரும் வரவில்லை.

வடம் இன்னும் ஊரார் கையில்தான் இருக்கிறது. தேர் நடுத்தெருவில் நிற்கிறது. அண்ணாந்து பார்க்கிறார்கள், மேலே யாரும் இல்லை. யாரோ வைத்துவிட்டுப் போன போலிக் கணக்கு மட்டும், காலை ஆறு மணிக்குத் தவறாமல், எல்லோருக்கும் 'ஜிஎம்' சொல்லிக்கொண்டிருக்கிறது.